சட்டம் யாருக்குப் பதில் சொல்கிறது?

(புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நம்பிக்கைக்கும் ஒரு சட்டத்துக்கும் நம்மை ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது? இன்று இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மற்ற ஊர்களில் இது தத்துவ வகுப்புக் கேள்வி. புதுச்சேரியில் இது வீட்டுக் கேள்வி.

இந்த உழவர்கரைப் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு வீட்டாரும் தமிழ் பேசுகிறவர்கள், இந்தியக் குடிமக்கள், ஒரே வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கிறவர்கள். ஒரு வீட்டில் தகப்பனார் காலமானால் சொத்து 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். அடுத்த வீட்டிலோ, நெப்போலியன் காலத்தில், 1804-இல், பாரிசில் இயற்றிய சிவில் சட்டத்தொகுப்பின்படி பிரியும். அந்த வீட்டின் முன்னோர் ஒருவர் 1881-க்குப் பிறகு ஒருநாள் அதிகாரி முன்னால் நின்று, தம் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறப்பதாக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார். அவரை ரெனோன்சான், அதாவது துறந்தவர், என்றார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் இன்றுவரை ரெனோன்சான்தான்.

அந்தக் கையெழுத்துக்கு இத்தனை தலைமுறையைக் கட்டும் வலிமையை எது கொடுத்தது? உலகத்துச் சிந்தனையாளர்கள் இதற்குப் பொதுவாக நான்கு விடைகள் சொல்லியிருக்கிறார்கள்: பழமை, ஆணை, சம்மதம், முறை. இந்த நான்கையும் நம் ஊரின் வரலாற்றில் வைத்தே உரசிப் பார்ப்போம்.

பழமை

முதல் விடை: "காலம் காலமாக இப்படித்தான்." இதை இலேசாக ஒதுக்கிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்களே இதற்குத் தலை வணங்கினார்கள். தமிழர்களின் வழக்குகளை விசாரிக்கச் சாவடி நீதிமன்றம் என்று ஒன்றை இங்கே நடத்தினார்கள். 1766 முதல் 1817 வரை அது அளித்த தீர்ப்புகள் இன்று தொகுத்து அச்சிடப்பட்டிருக்கின்றன. 1819 ஜனவரி 6-ஆம் நாள் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளை இங்கே அறிவித்தபோதும், இந்தியர்கள் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும் அவரவர் சாதியின் சட்டம், வழக்கம், பழக்கம் ஆகியவற்றின்படியே விசாரிக்கப்படுவார்கள் என்று எழுதி வைத்தார்கள். வழக்கம் எது என்று நீதிபதிக்கு எடுத்துச் சொல்வதற்காக 1827-இல் இந்தியர்களைக் கொண்டே ஓர் ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள்.

இதில் மரியாதை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பிரெஞ்சு நீதிமன்றங்களின் வழியே உருவான புதுச்சேரி இந்து வழக்காற்றில், தகப்பன் உயிரோடு இருக்கும்வரை குடும்பச் சொத்து முழுவதும் அவருடையது. மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. சென்னை மாகாணத்தில் மித்தாட்சர முறை: மகன் பிறந்த அன்றே பங்காளி. நம் எல்லை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாதி, ஒரே குலதெய்வம், கொள்வினை கொடுப்பினையும் ஒன்றுக்குள் ஒன்று. வரப்பைத் தாண்டினால் மட்டும் "காலம் காலமான" வழக்கம் மாறிவிட்டது.

அப்படியானால் வழக்கம் தானாகப் பேசவில்லை. அதை யாரோ எடுத்துச் சொன்னார்கள். யாரோ கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்த எழுத்தே வழக்கமாயிற்று. எடுத்துச் சொன்னவர்கள் ஊரில் செல்வாக்குள்ள ஆண்கள். எல்லையின் இரண்டு பக்கத்திலும் மகளுக்குச் சம பங்கு இல்லாமல் போனதற்கு இதுவே போதுமான விளக்கம். தமிழ்நாடு 1989-இல் மகளைப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது; நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. பழமையின் குரலில் பாதிப்பேரின் குரல் சேரவே இல்லை. பழமை நமக்கு ஒரு சான்று. ஏற்கனவே பலர் வாழ்ந்து பார்த்த வழி என்று அது சொல்கிறது. அந்த வழியில் நடந்தவர்களின் காலில் முள் குத்தியதா என்பதை அது தானாகச் சொல்லாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணை

இரண்டாவது விடை: ஆள்பவன் சொல்வதே சட்டம். உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து சிதறியதைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் இதைத் தெளிவாக எழுதினார். எல்லாரும் எல்லாரோடும் மோதிக்கொள்வதை நிறுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கையின் ஆணைக்குக் கட்டுப்படுவதுதான் அமைதி என்றார். பயத்தில் பிறந்த வாதம்தான். பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் ஆணையே போதும் என்றால் நயினியப்பப் பிள்ளையை என்ன செய்வது? பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்த அவரை 1716-இல் கவர்னர் ஏபேர் கைது செய்தார். சாட்டையடி, சிறை, அபராதம் என்று தண்டனை விதித்தார்கள். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய குடும்பம் விடவில்லை. மேல்முறையீடு கடல் கடந்து பிரான்சுக்குப் போனது. தீர்ப்பு செல்லாது என்று ஆயிற்று. அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய்ச் செவாலியர் பட்டத்தோடு திரும்பினார்.

அடுத்து 1873. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். தமிழன் அப்படி வரலாகாது என்றார் நீதிபதி. அவர் காலணியைக் கழற்றாமல் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார்.

இரண்டு வழக்கிலும் ஆணை பிறப்பித்தவருக்கு முழு அதிகாரம் இருந்தது. ஆனால் "ஏன்?" என்று கேட்டபோது சொல்லக்கூடிய காரணம் இல்லை. ஆணை விழுந்தது அங்கேதான். ஓர் ஆணைக்கு நாம் அடங்குவது வேறு. அது சரியென்று நம் உள்ளம் ஒப்புவது வேறு. முதலாவதற்குச் சாட்டை போதும். இரண்டாவதற்குக் காரணம் வேண்டும்.

சம்மதம்

மூன்றாவது விடை நம் காலத்துக்கு மிக நெருக்கமானது: நாங்களே ஒப்புக்கொண்டதால் இது எங்களைக் கட்டும். ரூசோ 1762-இல் எழுதிய சமுதாய ஒப்பந்தம் இதன் பெரிய நூல். இதற்கு எதிரான வலுவான கேள்வியை அதற்கு முன்பே, 1748-இல், டேவிட் ஹியூம் கேட்டுவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் ஏற்றிவிட்டு, நடுக்கடலில் அவன் குதிக்காததைக் காட்டி, மாலுமியின் ஆட்சிக்கு இவன் சம்மதித்துவிட்டான் என்று சொல்ல முடியுமா?

ரெனோன்சான் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, எந்தச் சாதியைச் சேர்ந்த, எந்த மதத்தைச் சேர்ந்த இந்தியரும், ஆணானாலும் பெண்ணானாலும், 21 வயதானால் தம் பழைய தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்று துறந்தவர்களில் ஒருவர். லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் பலர் துறந்தார்கள். சாதி வழக்கத்துக்கு மேலே, எல்லாருக்கும் ஒரே எழுத்தில் உள்ள சட்டம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி அவர்களுக்கு எத்தனை பெரிய மூச்சாக இருந்திருக்கும்! அவர்கள் வழியில் வந்தவர்கள் இந்தோசீனாவில் உத்தியோகம் பார்த்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சொல்தாவாக, அதாவது படைவீரராக, ஓய்வூதியம் பெற்றார்கள். பழமைக்கு எதிராக மனிதன் தன் சட்டத்தைத் தானே தேர்ந்துகொண்ட அரிய நிகழ்ச்சி அது.

அதே ஆணையில் இன்னொரு விதியும் உண்டு. துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. கையெழுத்திட்டவரோடு அவருடைய மைனர் பிள்ளைகளும் துறந்தவர்களாவார்கள். பிறக்காத தலைமுறையும் அப்படியே. சமத்துவம் தருவதாகச் சொன்ன அரசு 1884-இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்றவர் என மூன்று பட்டியலாகப் பிரித்து, துறந்தவர்களை ஐரோப்பியர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. முதல் தலைமுறையின் சம்மதம் உண்மையான சம்மதம். அதற்குப் பிந்திய தலைமுறைகள் ஹியூம் சொன்ன கப்பலில் பிறந்தவர்கள்.

ஊர் முழுவதற்குமான சம்மதத்தையும் பார்ப்போம். இங்கிருந்து வில்லியனூரைக் கடந்து மங்கலம் பக்கம் போனால் கீழூர். 1954 அக்டோபர் 18-ஆம் நாள் அங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு இணையலாம் என்று 170 பேரும் வேண்டாம் என்று 8 பேரும் வாக்களித்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1949 ஜூன் 19-ஆம் நாள், இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் மக்களே நேராக வாக்களித்தார்கள்: இணைப்புக்கு ஆதரவாக 7,463, எதிராக 114. மக்களின் சம்மதமில்லாமல் நிலப்பகுதியைக் கைமாற்றக் கூடாது என்று 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியல் சட்டமே சொன்னது.

கீழூரை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் அன்று வாக்களித்தது 178 பேர். இன்று நம்மைக் கட்டுவது அந்த வாக்கு மட்டும்தானா? இல்லை. அதற்குப் பிறகு நமக்கு வாக்குரிமை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, எந்த அரசையும் கேள்வி கேட்கும் மேடை இருக்கிறது. இவை இருப்பதால்தான் கீழூர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் கொடுத்த சம்மதத்தை ஒவ்வொரு நாளும் கேட்கும் உரிமைதான் காப்பாற்றி வைக்கிறது.

முறை

நான்காவது விடை சட்ட அறிஞர்களுடையது. ஹான்ஸ் கெல்சன், எச்.எல்.ஏ. ஹார்ட் போன்றவர்கள் சொன்னது இது: ஒரு சட்டம் செல்லுமா என்பதற்கு, அது உரிய முறையில் பிறந்ததா என்று பார், அந்த முறையைத் தந்த மேல்சட்டத்தைப் பார், அடியில் ஓர் அடிப்படை விதி இருக்கும். கெல்சனுக்கு அது சிந்தனையில் முன்வைத்துக்கொள்ள வேண்டிய விதி. ஹார்ட்டுக்கு அது அதிகாரிகளும் நீதிபதிகளும் நடைமுறையில் ஏற்று நடக்கும் விதி.

அந்த அடிப்படை ஏறத்தாழ எட்டு ஆண்டுக் காலம் அந்தரத்தில் தொங்கிய ஊர் புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-ஆம் நாள் கையெழுத்தானது. அதற்கான ஒப்புதல் ஆவணங்கள் கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில் இந்த மண் யாருடையது? 1961 டிசம்பரில் மஸ்தான் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டது. புதுச்சேரி இந்திய எல்லைக்குள் சேர்ந்ததல்ல என்று அரசு பதில் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்று, தன் அதிகாரம் இங்கே எட்டாது என்றது. வெளிநாட்டு அதிகாரவரம்பு பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிறந்த ஆணைகளால்தான் இந்தியா அப்போது நம்மை ஆண்டது. வரி கட்டினோம், வழக்காடினோம், குடும்பம் நடத்தினோம். ஆளும் நாட்டின் அரசியல் சட்டம் மட்டும் நமக்கு அயலாக இருந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அநீதி இழைக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்குத்தான் விடை இல்லை.

முறை மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றமே இன்னொரு புதுச்சேரி வழக்கில் சொன்னது. 1965-இல் நம் சட்டமன்றம் விற்பனை வரிக்காக ஒரு சட்டம் இயற்றியது. அதன் சாரம்: சென்னையின் 1959-ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம், இங்கே நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் எந்த உருவில் இருக்கிறதோ அந்த உருவில் புதுச்சேரிக்குப் பொருந்தும். அந்த நாள் வருவதற்குள் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. திருத்தத்தைப் படித்தோ விவாதித்தோ பார்க்காமலே புதுச்சேரி அதை ஏற்றதாக ஆயிற்று. இதை எதிர்த்து வணிகர் ஷாம ராவ் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1967-இல் ஐந்து நீதிபதிகளில் மூவர், இது சட்டமன்றம் தன் பொறுப்பையே வேறொருவர் கையில் முழுவதுமாக ஒப்படைத்த செயல், ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது, ஒப்புதல் கிடைத்தது, அரசிதழிலும் வந்தது. இருந்தும் அதைச் சிந்தித்தவர் இங்கே ஒருவரும் இல்லை. "ஏன் இந்த வரி?" என்று கேட்டால் பதில் சொல்லப் புதுச்சேரியில் ஆளில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இந்துத் திருமணச் சட்டத்தையும் வாரிசுரிமைச் சட்டத்தையும் 1963-இல் இங்கே நீட்டித்தபோது, அவை ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்று விதி சேர்த்தார்கள். அவர்களுக்கு உரிய பிரெஞ்சுத் தொகுப்பைப் பிரான்ஸ் அதன்பின் பெரிதும் மாற்றியது: கணவன் மனைவி சொத்துமுறையை 1965-இல், தத்தை 1966-இல், மணமுறிவை 1975-இல். இறையாண்மை கைமாறிய பிறகு வந்த அந்த மாற்றங்கள் இங்கே தாமாக வந்து சேர்வதில்லை. பாரிசு அந்தப் பழைய சட்டத்தைக் கடந்து போய்விட்டது; டெல்லி அதைத் தன் கையில் எடுத்துச் சீர்செய்யவில்லை. விற்பனை வரிச் சட்டம் வேறொருவர் சிந்திக்கட்டும் என்று விடப்பட்டது. இந்தச் சட்டமோ யாருமே சிந்திக்காமல் விடப்பட்டது. இரண்டிலும் குறை ஒன்றுதான்: கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நம்பிக்கையும் அளவையும்

சட்டத்தைப் பேசிவிட்டு நம்பிக்கையை விட்டுவிட முடியாது. எந்தச் சட்டமும் ஏதோ ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தமிழில் இதற்குப் பழுத்த மரபு இருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரையும் தேடிப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளான பத்து அளவைகளை எடுத்துச் சொல்கிறான். கொள்கைக்கு முன்னால் அளவை. சைவ சித்தாந்தத்தின் பெருநூலான சிவஞான சித்தியாரும் அளவையில்தான் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்குவது அதன் வழி. கடவுளை நம்புகிற நூலே "எப்படி அறிந்தாய்?" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது.

இந்த மூன்றில் உரைதான் ஆபத்தானது. அது இல்லாமலும் வாழ முடியாது. நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டதே. சிலப்பதிகாரத்தில் திருட்டுக்கு எதிரான பாண்டியனின் சட்டத்தில் குற்றமில்லை. பொற்கொல்லன் உரையைக் காண்டலால் சோதிக்காமல் நம்பியதில்தான் குற்றம். கண்ணகி சிலம்பை உடைத்துப் பரல்களைக் காட்டிய பிறகு நம்பிக்கை சரிந்தது. கூடவே கோலும் சரிந்தது. நயினியப்பப் பிள்ளை வழக்கும் அதே வகை. சாட்சிகள் தமிழில் சொன்னது போர்ச்சுகீசியம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய்ப் பதிவாயிற்று. அவர்கள் சொன்னதுதானா எழுதப்பட்டது என்று சரிபார்க்க அவர்களுக்கு வழி ஏது?

அதனால்தான் நம்பிக்கைக்கும் சட்டத்துக்கும் ஒரே உரைகல் என்கிறேன். மனச்சாட்சியை வற்புறுத்த எந்த அரசாலும் முடியாது என்று ஜான் லாக் 1689-இல் வாதிட்டார். வாயைத்தான் வற்புறுத்த முடியும். உள்ளம் காரணத்துக்கு மட்டுமே திரும்பும். அதே காரணத்தால் நம்பிக்கையாளர்களுக்கும் ஒரு கடமை வருகிறது. என் நம்பிக்கை என் வாழ்வை மட்டும் நடத்தும்போது அதை என் மனச்சாட்சிக்கு விளக்கினால் போதும். அது இன்னொருவரின் சொத்தை, மணத்தை, நடையை, உடையைக் கட்டுப்படுத்த வரும்போது, அந்த இன்னொருவருக்குப் புரியும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் விடை

பழமை, ஆணை, சம்மதம், முறை நான்கும் வேண்டும். பழமை அனுபவத்தைத் தருகிறது. ஆணை அமைதியைத் தருகிறது. சம்மதம் உரிமையைத் தருகிறது. முறை ஒழுங்கைத் தருகிறது. இவற்றுள் எதுவும் தனியாக நின்று ஒரு சட்டத்தை நியாயமாக்காது. அதன்கீழ் வாழ்பவர்களில் கடைசி ஆளும் "ஏன்?" என்று கேட்கலாம், கேட்டால் பதில் சொல்ல ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார், பதில் சரியில்லை என்றால் சட்டத்தை மாற்ற வழி இருக்கிறது. இந்த மூன்றும் உள்ள இடத்தில்தான் சட்டத்துக்கு ஆளும் உரிமை உண்டு. எவ்வளவு பழையது என்பதோ யார் போட்டது என்பதோ அதற்குப் பிறகுதான்.

இப்படி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒழுங்கு குலையாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். வழக்கத்தின் வேரைத் தோண்டாதே, தோண்டினால் சட்டம் விழும் என்று பாஸ்கலே பதினேழாம் நூற்றாண்டில் எச்சரித்தார். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் நம் ஊரின் அனுபவம் வேறு. நயினியப்பரின் குடும்பம் கலகம் செய்யவில்லை, மேல்முறையீடு செய்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை நீதிமன்றத்தை வெறுக்கவில்லை, இன்னும் உயர்ந்த நீதிமன்றத்தை நாடினார். வரி கட்டச் சொன்னபோது ஒரு வணிகர் சாலையை மறிக்கவில்லை, வழக்குப் போட்டார். கேட்டவர்களால் சட்டம் விழவில்லை. தவறு விழுந்தது, சட்டம் நின்றது. கேட்கவே வழியில்லாதவன்தான் கடைசியில் கல்லை எடுக்கிறான்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். சட்டமன்ற உறுப்பினர்களே, ரெனோன்சான் குடும்பங்களின் பெண்களையும் இளைஞர்களையும் நேரில் அழைத்து, இந்தச் சட்டம் உங்களுக்கு வேண்டுமா, எப்படி வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் இதையே விரும்பினால் அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த விருப்பம் இந்தத் தலைமுறையின் வாயிலிருந்து வரட்டும். வழக்கறிஞர்களே, ஒரு குடும்பத்தை எந்தச் சட்டம் ஆள்கிறது என்பதை அந்தக் குடும்பத்துக்கு எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். புரியாத சட்டத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. பெற்றோர்களே, உங்கள் மகள் "ஏன் இந்த வழக்கம்?" என்று கேட்டால் "பெரியவங்க சொன்னாங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் ஏன் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் கிடைக்கவில்லை என்றால், அந்த வழக்கத்தை அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

இப்போது நான் சொன்னவற்றில் எது சரியில்லை என்று நீங்கள் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.